கடம்பூருக்குப் போன டேப்

டேப் என்று சொன்னால் பாட்டு கேசட்டா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா, உள்ளே சுருட்டிய நாடா, கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம், கம்ப்யூட்டர் செத்தாலும் டேப் பிழைத்திருக்கும் என்பேன். இப்போது யாராவது கேட்டால், ஆமாம், பாட்டு கேசட்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். விளக்கி என்ன ஆகப்போகிறது?

கோவில்பட்டியில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. தலை, வயிறு, முதுகு என்று மெஷின் எடுக்கிற படமெல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஏசி அறையில் இருந்த சர்வருக்கு வந்து சேரும். நோயாளிக்குப் பிலிம் போட்டுப் பெரிய கவரில் கொடுத்துவிடுவோம். அந்தக் கவர் எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று எனக்குத் தெரியும். புதூர்ப் பக்கத்துச் சனங்கள் அதை ஆணியில் மாட்டி வைத்து, வெயிலில் வளைந்து மழையில் ஒட்டிப்போனதை அப்பளம் மாதிரி திரும்பக் கொண்டுவருவார்கள். அப்போது டாக்டர்கள் கேட்பது சர்வரில் இருக்கிற படத்தைத்தான். ஆக, எங்கள் சென்டரின் ஞாபகமே அந்தப் பெட்டிதான். இது எங்கள் முதலாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. பருத்தி ஜின்னிங் நடத்தியவர், பருத்தி படுத்துவிட்டதால் ஸ்கேன் மெஷின் வாங்கியவர். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இலவசமாக ஸ்கேன் எடுத்துக் கொடுப்பார். ஆனால் பிலிம் மட்டும் போட மாட்டார். "பிலிம் என்னத்துக்கும்மா? நம்ம சர்வர்லதான கெடக்கு. ஓடியா போயிரும்?" என்பார்.

இதை அவர் சொன்னது எங்கள் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம். கடம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவாள். என்னை அண்ணாச்சி என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் வண்டியிலேயே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தோம். மூளையில் இடது பக்கம் சிறிய புள்ளி, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரையில் வலிப்பு நின்றது. நின்றதும் மனுசர் மறுபடி ஸ்கேனுக்கு வரவே இல்லை. நல்லாத்தான இருக்கேன், எதுக்கு அந்தக் குழாய்க்குள்ள போய்ப் படுக்கணும் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார்.

அவளுக்குத்தான் தூக்கம் கெட்டது. அவ்வப்போது என் அறைக் கதவில் வந்து நிற்பாள். "அண்ணாச்சி, அவிய படம் பத்திரமா இருக்கா?" நான் திறந்து காட்டுவேன். சாம்பல் நிறத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மூடிருங்க" என்று போய்விடுவாள்.

சர்வருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. உள்ளே படங்களை வைத்திருக்கிற டிஸ்க் சுற்றுகிற சத்தம் ஒரு நாள் மாறியது. முதலாளியிடம் போய் நின்று, டேப்பில் பேக்கப் எடுத்தாக வேண்டும் என்றேன். அவர் சுலபமாக முடித்துவிட்டார்.

"ஒரு டேப்பு வாங்கு. தெனமும் அதுலயே எழுது. ஒண்ணு போதாதா?"

"மொதலாளி, இன்னைக்கு ஒரு படம் கெட்டுப்போச்சுன்னு வைங்க. கெட்டது தெரியாம, நேத்து நல்லா இருந்ததுக்கு மேல அத எழுதிட்டோம்னா நல்லதும் போச்சுல்லா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஆளுக்கு இவருடைய பாஷையில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "வெதைச்சோளத்த பூராவும் ஒரே குலுக்கையிலயா கொட்டி வைக்கோம்? வண்டு விழுந்தா என்ன செய்ய?" என்றேன். டேப்பில் எழுதவும் படிக்கவும் ஒரு டிரைவ், கூடவே டேப்கள் வாங்கப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

திட்டம் நான் போட்டதுதான். அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது, சவம். புதிதாக வருகிற படங்களுக்கு வேலை நாளுக்கொரு டேப், வாரா வாரம் அதன் மேலேயே எழுதலாம். வெள்ளிக்கிழமை டேப் மட்டும் கட்டிடத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். அது போக, அதுவரை எடுத்த பழைய வருடத்துப் படங்கள் மொத்தத்தையும் ஒரே டேப்பில் எழுதினேன். அதன் மேல் யாரும் எப்போதும் எழுதக் கூடாது, அதுவும் வெளியே இருக்க வேண்டும். தீப்பிடித்தாலும், திருட்டுப் போனாலும், மழைத் தண்ணீர் புகுந்தாலும் சர்வரும் டேப்பும் சேர்ந்து போய்விடக் கூடாது. இவ்வளவுதான் சங்கதி. ஒரு பொருளை இரண்டு இடத்தில் வை. பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

வெளியே என்றால் எங்கே? அங்கேதான் நாய் படாத பாடு. முதலாளி வீடு சென்டருக்கு மேல் மாடியிலேயே இருந்தது, அது எப்படி வெளியாகும்? பாங்க் லாக்கர் எங்களுக்கு வேண்டிய நேரத்தில் திறந்திருக்காது. என் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். சித்திரை மாதம் அந்தக் கூரைக்குக் கீழே மனுசனே வெந்துபோவான், டேப் எம்மாத்திரம்? எட்டயபுரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த முதலாளியின் சொந்தக்காரர், இன்சுலினோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன், ஜில்லென்று இருக்கும் என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வரவேற்பு மேசைத் தங்கச்சிதான் கேட்டாள். "எங்க வீட்டுல வைங்க அண்ணாச்சி. காரை வீடு, பீரோ இருக்கு. நாந்தான் தெனமும் போயிட்டு வாரேன்லா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவிய படமும் அதுல இருக்கும்லா?"

"பழைய வருசத்து டேப்புல இருக்கும்மா."

அன்றைக்கே அதைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. திங்கட்கிழமை அதற்கு முந்தின வாரத்து டேப் திரும்பி வரும், சில நாள் கூடவே போளிப் பொட்டலமும் வரும். நெய் பட்டுவிடப் போகிறது, ரெண்டையும் ஒண்ணா வைக்காத என்று சத்தம் போடுவேன். போளியைத் தின்றுகொண்டேதான் சத்தம் போடுவேன்.

அப்படியே போயிருக்கலாம். ஆயுத பூஜை வந்தது.

டேப் வாங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. முந்தைய வருடங்களில் ஸ்கேன் மெஷினுக்கு ஒரு மாலை, பொரி கடலை, முடிந்தது. சர்வர் அறையை நான் பூட்டி வைத்துவிடுவேன். இந்த முறை முதலாளி புதுச் சாமான்களைக் கணக்கில் எடுத்துவிட்டார்.

"சோறு போடுற சாமான் ஒண்ணு விடாம பூசையில இருக்கணும். கடம்பூர்ல இருக்கதையும் கொண்டாரச் சொல்லு."

"மொதலாளி, வெளிய இருக்கணும்னுதான வெளிய வச்சிருக்கோம்! எல்லாத்தையும் ஒரே தட்டுல அடுக்கி வச்சா நான் போட்ட திட்டம் என்னத்துக்கு?"

"ஒரு நாள்தானப்பா. சாமி முன்னால இருக்கதத் திருடனா தூக்கிட்டுப் போயிருவான்?"

"சர்வர நிப்பாட்டச் சொல்லுதீகளாமே?"

"பின்ன? ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும்லா? வருசம் பூரா ஓடுது, ஒரு நா கண்ண மூடட்டும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வருடக்கணக்காக நிற்காமல் சுற்றிய டிஸ்க், ஒரு முறை நின்று ஆறிவிட்டால் மறுபடி சுற்றாமலே போகலாம் என்று சொன்னேன். கத்தினேன் என்பதுதான் சரி. அவர் சிரித்தார். "லாரி இஞ்சின நிப்பாட்டினா மறுபடி எடுக்காதா? ஒனக்கு எல்லாத்துலயும் கோவந்தான் தம்பி." சம்பளம் கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

டேப்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பொட்டு வைப்பதாக இருந்தால் உறைமேல் வையுங்கள் என்று சொல்லித் தட்டில் அடுக்கினேன். சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தது கடம்பூர்த் தங்கச்சிதான். குளித்து, தலையில் பூ வைத்து, விரதம் வேறு. "உறைக்கு வச்சா அது உறைக்குத்தான அண்ணாச்சி" என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முதலாளி தலையை ஆட்டினார். பழைய வருடத்து டேப் எது என்று அவளுக்குத் தெரியும். மற்றதற்கெல்லாம் ஒரு விரல் சந்தனம். அதற்கு மட்டும் மூன்று விரலால் வழித்து அப்பினாள். நடுவில் குங்குமம், மேலே ஒரு கிள்ளு மல்லிகை. டேப்பின் ஓரத்தில் ஒரு குட்டிக் கதவு உண்டு, நாடா அதன் வழியாகத்தான் வெளியே வரும். சந்தனம் அதன் மேலேயே இருந்தது.

"ஏம்மா, கதவுல வைக்காத! வழிச்சு எடு!" என்றேன்.

"பூசை நேரத்துல சத்தம் போடாதப்பா" என்றார் முதலாளி. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன வேண்டியிருப்பாள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சாம்பிராணி போட்டார்கள், விபூதி தூவினார்கள், ஏசியையும் சர்வரையும் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் மறுபூஜை முடிந்துதான் திறந்தார்கள். எங்கள் ஊரில் புரட்டாசி முடிந்தாலும் வெயிலுக்கு அது தெரியாது. அந்தப் பொந்துக்குள் அனல் நின்றது.

சர்வரைப் போட்டேன். விளக்கு எரிந்தது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. இரண்டு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை, அவை இல்லாமல் மற்றவற்றால் பயனில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலாளி பின்னால் நின்று, "ஒரு செதறுகாய் ஒடச்சிப் பாப்பமா?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்டல் இல்லை, மனுசர் நிஜமாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

சரி, இதற்காகத்தானே டேப் என்று தட்டைப் பார்த்தேன். சந்தனம் நீர்த்து, வழிந்து, கதவிடுக்கு வழியாக உள்ளே போய், காய்ந்து வெடித்திருந்தது. தீக்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி உட்கார்ந்து துடைத்தேன். போனால் போகட்டும் என்று திங்கட்கிழமை டேப்பை முதலில் விட்டேன். டிரைவ் அதை விழுங்கி, தொண்டையைக் கனைப்பது போல ஏதோ செய்து, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது எதையும் படிக்கவில்லை. பழைய வருடத்து டேப்பை நான் டிரைவில் விடவே இல்லை. பூவை மட்டும் எடுத்துவிட்டு, டிஸ்க்குகளையும் சேர்த்துப் பொதிந்து, செத்த டிஸ்க்கிலிருந்தும் படம் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அப்படி ஒருவருக்கு மெட்ராசுக்கு அனுப்பினேன்.

தங்கச்சி தினமும் வந்து என் நாற்காலி பக்கத்தில் நிற்பாள். "மெட்ராஸ்ல இருந்து போன் வந்துச்சா அண்ணாச்சி?" நாந்தானே கொண்டுவந்தேன், நாந்தானே வச்சேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அதைச் சொல்லவே இல்லை. போன் வந்துச்சா என்பது மட்டும்தான்.

போன் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் முதலில் கேட்டது, "சார், உள்ள சந்தன வாசனை வருதே, என்ன சார் பண்ணீங்க?" பழைய வருடத்து டேப்பில் நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தபோது பிய்ந்து வந்ததாம். டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் தேறியது. அந்தக் கொஞ்சத்தில் அவள் வீட்டுக்காரர் இல்லை.

கார்த்திகையில், கரிசல் மண் மழையில் பசையாகிக் கிடந்த சமயத்தில், எட்டயபுரம் ரோட்டில் அவருக்கு மறுபடி வலிப்பு வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார், நல்ல டிரைவர். புதுச் சர்வர் வந்திருந்தது. ஸ்கேன் எடுத்தோம். இந்த முறை பிலிமும் போட்டார் முதலாளி, கேட்காமலே போட்டார். திரையில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க எத்தன மட்டம் பாத்திருக்கீய. அப்பயும் இவ்வளவுதான இருந்துச்சு?"

யோசித்தேன். நானும் அவளும் எத்தனையோ முறை சேர்ந்து பார்த்த படம். நான் பார்த்ததெல்லாம் ஃபைல் திறக்கிறதா என்பதைத்தான். தெரியலம்மா என்றேன்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிறிய புள்ளின்னு எழுதியிருக்காங்க. சிறியன்னா என்ன? கடுகா, கடலையா? அளவே போடலையே." அந்தப் புள்ளி இருந்த இடம் பேச்சுக்கும் வலது கைக்கும் உரியது என்று விளக்கினார். பழைய நாளிலிருந்தே இதே அளவு என்றால் தொடாமல் விடுவதுதான் நல்லது, தொட்டால் பேச்சு போகலாம். வளர்ந்திருந்தால் உடனே திறக்க வேண்டும். "பழைய படம் இருந்தா இந்த நிமிஷமே சொல்லிடுவேன். இல்லாம நான் கத்திய வைக்க மாட்டேன். மூணு நாலு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்து, இதோட வச்சுப் பார்ப்போம்."

ஆபரேசன் இல்லை என்றதும் மனுசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "என் மண்டையவே சந்தனம் பூசி அனுப்பி வச்சிட்டால்லா இவ" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

திட்டத்தை மாற்றினேன். புதுச் சர்வர் சின்னது, இரண்டு மாதத்துக்கு மேல் படம் தாங்காது. அதனால் பழையது எல்லாம் இரண்டு டேப்பில், ஒன்று இங்கே, ஒன்று கடம்பூரில். மேலே எழுதக் கூடாது, பூஜைக்கு வரக் கூடாது. முதலாளி ம் என்று தலையாட்டினார். அவரைத் திட்ட எனக்கும் ஆசை விட்டுப்போயிருந்தது.

மாசி முடியும்போது தங்கச்சி வீட்டுக்காரருக்கு வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. கியர் போட முடியாமல் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அன்று ஸ்கேன் எடுத்ததும், பிலிமில் சரியாக அளக்க வராது, கம்ப்யூட்டரில் இருக்கிற கார்த்திகைப் படமே வேண்டும் என்று மதுரையிலிருந்து கேட்டார்கள். சென்டரில் இருந்த டேப்பை அவள் நம்பவில்லை, கடம்பூர் டேப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அவளே கொண்டுவந்திருந்தாள். துண்டைப் பிரித்து எடுத்தாள். துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது அது.

டிரைவில் போட்டேன். இழுத்துக்கொண்டது. திரையில் பச்சைக் கோடு ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தது. அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வருதா அண்ணாச்சி?" "வருதும்மா." ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு எரர் இல்லை. கோடு கடைசி வரை போய்ச் சேர்ந்தது. இத்தனை வருடத்தில் நான் போட்ட திட்டம் ஒன்று சொன்னபடி வேலை செய்தது அன்றைக்குத்தான். "வந்துட்டு தங்கச்சி!" என்று கையைத் தட்டினேன். தட்டினேன், ஆமாம்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். அதைப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை. கார்த்திகையில் ஒரு புள்ளி. மாசியில் அதைப் புள்ளி என்று சொல்ல முடியாது. அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். நாற்காலி முதுகிலிருந்து அவள் கை விலகியதை நான் உணர்ந்தேன்.

மதுரையில் படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். கார்த்திகையிலேயே திறந்திருக்க வேண்டியது, இப்போது கத்தி போக முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யாரைச் சொல்ல?

அந்த வாரமும் வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ரயிலுக்கு நேரமானதும் அவள் என் அறைக்கு வந்து, அந்த வாரத்து டேப்பையும் கார்த்திகைப் படம் இருந்த டேப்பையும் எடுத்துத் துண்டில் சுற்றினாள். கூடையில் வைத்தவள் மறுபடி வெளியே எடுத்து, கார்த்திகை டேப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல எதையும் எழுதிர மாட்டீயள்லா?"

"எழுத மாட்டேம்மா."

"அவிய போன பெறவும்?"